மூன்றாவது சீட்டு

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. கோடையில் அது முழங்கால் அளவுதான். மழைக்காலத்தில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடும். இந்தக் கரையில் புல் தீர்ந்துபோகிற நேரம் பார்த்துத்தான் மழையும் வந்து சேரும். அக்கரை மேட்டிலோ புல் பச்சைப்பசேல் என்று நிற்கும். பசி தாங்காமல் மான்களும் முயல்களும் ஆற்றில் இறங்கும். வருடம் தவறாமல் ஏதாவது ஒரு குட்டியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்.

அந்த வருடம் ஒரு புள்ளிமான் தன் குட்டியைக் கூட்டிக்கொண்டு காட்டுச் சபைக்கு வந்தது.

"போன மழைக்கு என் மூத்த குட்டிய ஆத்துல விட்டுட்டேன். எனக்குன்னு இது ஒண்ணுதான் மிச்சம். ஒரு பாலம் போட்டுக் குடுங்கய்யா" என்று அழுதது.

சபைக்குத் தலைவர் காட்டெருமை. நேர்மையான விலங்கு, குறை சொல்ல முடியாது. ஆனால் எதையும் எண்ணிப் பார்க்குமே தவிர உற்றுப் பார்க்காது.

"பாலம் உறுதி. ஆனால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். எட்டு மரம் வைத்த பாலம். விருப்பமுள்ளவர்கள் சீட்டுப் போடலாம்" என்று அறிவித்தது காட்டெருமை.

குழந்தைகளே, அந்த முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பொது வேலையைச் செய்ய விரும்புகிறவர்கள், தங்களுக்கு எத்தனை கூடைப் பழம் கூலி வேண்டும் என்று ஒரு தேக்கிலையில் எழுதி, தேன்மெழுகு வைத்து ஒட்டி, சபை மரத்தின் பொந்தில் போட வேண்டும். குறைந்தது மூன்று சீட்டாவது விழ வேண்டும். அதில் யார் குறைவாகக் கேட்டாரோ அவருக்கே வேலை. பலர் போட்டி போட்டால் வேலை மலிவாகவும் நன்றாகவும் முடியும் என்று எண்ணி, எந்தக் காலத்திலோ நல்லவர்கள் ஏற்படுத்திய முறை அது.

அந்தக் காட்டில் ஒரு யானை இருந்தது. மரம் தூக்குவதில் அதற்கு நிகர் யாருமில்லை. அதற்கு ஒரே ஒரு குறை. யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல வாய் வராது. அவ்வளவு தாட்சண்யம்.

பாலம் வரப்போகிறது என்று கேட்டதும் யானை மனதுக்குள் கணக்குப் போட்டது. 'மேட்டில் வேங்கை மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து போட்டால் இரண்டு தலைமுறைக்கு அசையாது. நூறு கூடை போதும்' என்று நினைத்துத் தேக்கிலை பறிக்கக் கிளம்பியது.

வழியில் மரநாய் வந்து நின்றது. மரநாய் பேசினால் தேன் ஒழுகும். அது ஏதாவது வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே! கால் புண் எல்லாம் ஆறிடுச்சா? போன கோடையில முள்ளு ஏறி நடக்க முடியாமக் கெடந்தீங்களே, பத்து நாள் மூங்கில் குருத்து கொண்டாந்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"நீதான் கொண்டாந்த. மறக்க முடியுமா?"

"சொல்லிக் காட்டுறேன்னு நினைக்காதீங்க" என்று சொல்லிக் காட்டியது மரநாய். "ஒண்ணுமில்ல, பால வேலையை நான் எடுக்கலாம்னு இருக்கேன். மூணு சீட்டு விழணுமாம். என் சீட்டு ஒண்ணு. கரடியண்ணன் ஒரு தேனடைய வாங்கிக்கிட்டு ஒண்ணுல கைய வச்சுட்டாரு. நீங்களும் ஒண்ணுல வச்சிட்டா முடிஞ்சது."

யானை தயங்கியது. "நானே அந்த வேலையை நூறு கூடைக்குக் கேக்கலாம்னு..."

"அட, நமக்குள்ள என்னண்ணே போட்டி? அடுத்து குளம் தூர்வாருற வேலை வருது. அதை நீங்க எடுங்க, அப்ப நான் உங்களுக்குத் துணைக்குச் சீட்டு போடுறேன். இது சும்மா பேருக்குத்தான். நீங்க எழுதக்கூட வேணாம், நான் எழுதியே கொண்டாந்துட்டேன்."

மரநாய் ஓர் இலையை நீட்டியது. 'முந்நூறு கூடை' என்று அதில் செம்மண்ணால் எழுதியிருந்தது. யானைக்குச் சங்கடமாக இருந்தது. முந்நூறு கூடை கேட்கிற விலங்கா அது? ஆனால் மூங்கில் குருத்து நினைவுக்கு வந்தது. முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? தும்பிக்கை நுனியைச் சேற்றில் தொட்டு, இலையில் ஒற்றிவிட்டது.

மறுநாள் சபை கூடியது. காட்டெருமை பொந்துக்குள் பார்த்தது.

"ஒன்று, இரண்டு, மூன்று. சரியாக மூன்று சீட்டு. யானையார் முந்நூறு, கரடியார் இருநூற்றைம்பது, மரநாயார் நூற்றைம்பது. மரநாயாருக்கே வேலை!"

மூன்று இலையிலும் எழுத்து ஒன்றாகவே இருந்தது, மண்ணும் ஒரே மண். காட்டெருமை சீட்டுகளை எண்ணியது, அதோடு சரி. "குறைஞ்ச கூலிக்கு வேலை முடியுதே" என்று விலங்குகள் எல்லாம் மகிழ்ந்தன. யானை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வேலை தொடங்கியது. மரநாய் நான்கு காட்டுப்பன்றிகளை அரைவயிற்றுக் கூலிக்குப் பிடித்துவந்தது. அவை எங்கிருந்தோ மரங்களை இழுத்துவந்து போட்டன. பத்து நாள் ஆகும் வேலை மூன்றே நாளில் முடிந்தது.

மூன்றாம் நாள் மாலை யானை தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனது. பாலத்து மரத்தைத் தும்பிக்கையால் தொட்டு முகர்ந்து பார்த்ததும் அதற்குப் புரிந்துவிட்டது. எட்டும் முருங்கை மரம்! ஏறி நின்று ஒரு கிளையை இழுத்தாலே முறிகிற முருங்கை! மேலே செம்மண்ணைக் குழைத்து நன்றாகப் பூசியிருந்ததால் பார்வைக்கு வேங்கை போலவே இருந்தது.

"என்னடா இது?" என்று அங்கே நின்ற மரநாயிடம் கேட்டது யானை.

"எட்டு மரம்னுதானே சொன்னாங்க, என்ன மரம்னு யாராவது சொன்னாங்களா?" என்று சிரித்தது மரநாய். "பேசாம இருங்கண்ணே. நீங்க இப்போ வாயைத் திறந்தீங்கன்னா, உங்க சீட்டைப் பத்தியும் பேச்சு வரும். நூறு கூடை வேலைக்கு எதுக்கு முந்நூறு கேட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

யானையின் காதுகள் தொங்கிப்போயின. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, குழந்தைகளே. அவ்வளவு பெரிய விலங்கு, பூனை அளவு இருக்கிற ஒரு மரநாய்க்குப் பயந்து, பேச வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனது.

மறுநாள் காட்டெருமை பார்வையிட வந்தது. "எட்டு மரம் கேட்டோம். எட்டு இருக்கிறது" என்று தலையாட்டிவிட்டு, கூலியைக் கொடுக்கச் சொன்னது.

மழை வந்தது. ஆறு நிரம்பியது. இந்தக் கரையில் புல்லும் தீர்ந்தது.

முயல்கள் பாலத்தில் ஓடிப் பார்த்தன, ஒன்றும் ஆகவில்லை. முயலின் எடைக்கு என்ன ஆகப்போகிறது? அடுத்து மான் கூட்டம் வந்து நின்றது. புள்ளிமான் பாலத்தருகே வந்து, கரையோரம் நின்ற யானையைப் பார்த்தது.

"அண்ணே, நீங்க மரம் பத்தித் தெரிஞ்சவரு. பாலம் பலமா இருக்குதா? புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?"

ஒரு வார்த்தை. 'வேண்டாம்' என்ற ஒரே ஒரு வார்த்தை போதும். யானை வாயைத் திறந்தது. பக்கத்து மரத்திலிருந்து மரநாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லா விலங்குகளும் நின்றன.

"எல்லாரும் போறாங்களேம்மா" என்றது யானை.

"அப்ப சரிண்ணே" என்று மான் குட்டியை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தது. மற்ற மான்களும் தொடர்ந்தன.

பாதிப் பாலத்தில் மடமடவென்று சத்தம் கேட்டது. மரங்கள் முறிந்தன. பெரிய மான்கள் துள்ளித் தாவிக் கரை ஏறின. குட்டிக்குத் தாவத் தெரியவில்லை. அது முறிந்த மரங்களுக்கு நடுவே தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ, என் புள்ள! இதையுமா!" என்று அலறியது தாய்மான்.

யானை ஆற்றுக்குள் பாய்ந்தது. வெள்ளம் அதையே தள்ளியது. மூழ்கி எழுந்து, தும்பிக்கையால் துழாவி, கடைசியில் குட்டியைப் பிடித்துக் கரைக்குத் தூக்கிவந்தது. குட்டிக்கு உயிர் இருந்தது. ஆனால் மரங்களுக்கிடையில் சிக்கிய முன்னங்கால் ஒடிந்துவிட்டது. கட்டுப்போட்டும் அது நேராகவில்லை.

நான்கு நாள் கழித்து, வெள்ளம் வடிந்ததும் சபை கூடியது.

"மரநாயே, இதற்கு என்ன பதில்?" என்றது காட்டெருமை.

மரநாய் அசரவில்லை. "முறைப்படி போட்டி போட்டு எடுத்த வேலை தலைவரே! யானையண்ணன் மாதிரி பெரியவங்களே போட்டியில இருந்தாங்க. அவரு முந்நூறு கேட்டாரு, நான் நூத்தைம்பதுதான் கேட்டேன். வெள்ளம் வந்து அடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

காட்டெருமை பெருமூச்சு விட்டது. பிறகு யானையின் பக்கம் திரும்பித் தலை வணங்கியது.

"யானையாரே, சபை உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறது. நல்ல மரமாகப் போடுவதற்காகத்தானே நீர் முந்நூறு கேட்டீர்? நாங்கள்தான் கூடையை மட்டும் எண்ணிவிட்டு உம்மை விட்டுவிட்டோம்."

"ஆமா! யானையண்ணனுக்கே குடுத்திருக்கணும்!" என்று விலங்குகள் கத்தின. "வேலையும் குடுக்காம விட்டோம். அவருதான் ஆத்துல குதிச்சுக் காப்பாத்தினாரு!"

புள்ளிமான் ஒரு கொன்றைப்பூ மாலையை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. அதை யானையின் தந்தத்தில் மாட்டி, முன்னங்கால்களை மடக்கி வணங்கியது.

யானைக்கு உடம்பெல்லாம் கூசியது. யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். பாராட்டைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் பேசாமல் நின்றது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கரடி ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. மரநாய் சொல்லவே சொல்லாது. நல்ல பெயரோடு வீடு போய்ச் சேரலாம். யானை அதைத்தான் நினைத்தது, உண்மையிலேயே நினைத்தது.

அப்போது மான்குட்டி தாயின் மேல் சாய்ந்துகொண்டு கேட்டது.

"மாமா, நீங்க பாலம் போட்டிருந்தா உடைஞ்சிருக்காதுல்ல?"

யானையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"உடைஞ்சிருக்காது கண்ணு" என்றது. "ஆனா நான் பாலம் போடக் கேக்கவே இல்ல. அந்தச் சீட்டு நான் எழுதினது இல்ல. மரநாய் எழுதிக் கொண்டாந்துச்சு, நான் தும்பிக்கைய ஒத்துனேன். மூணு சீட்டு வேணுங்கிறதுக்காக. சும்மா பேருக்குன்னு சொல்லிச்சு. எனக்கு மறுக்க வெக்கமா இருந்துச்சு."



"அதோட முடியல" என்று யானை தொடர்ந்தது. "அது முருங்கை மரம்னு முன்னாடியே எனக்குத் தெரியும். கண்ணால பார்த்தேன். என் பேரு கெட்டுப்போகுமேன்னு வாயைத் திறக்கல."

காட்டெருமை அவசரமாக மூன்று இலைகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. முதல் முறையாக அவற்றை உற்றுப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து யாருடைய முகத்தையும் பார்க்க அதனால் முடியவில்லை. மரநாய் மெல்லப் பின்வாங்கிப் புதருக்குள் ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு நாலைந்து விலங்குகள் ஓடின. காட்டின் எல்லையைத் தாண்டும்வரை அவை விடவில்லை.

புள்ளிமான் மட்டும் நகரவில்லை.

"நான் உங்ககிட்டக் கேட்டேனே அண்ணே" என்றது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பக்கத்துல வந்து நின்னு கேட்டேனே. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

புள்ளிமான் திரும்பி நடந்தது. குட்டி நொண்டி நொண்டிப் பின்னால் போனது. மாலை இன்னும் யானையின் தந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றவும் யானைக்குத் துணிவில்லை, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

அடுத்த பத்து நாளில் யானை தனி ஆளாக எட்டு வேங்கை மரங்களைக் கொண்டுவந்து பாலம் போட்டது. கூலி என்று ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை. சபையும் தன் முறையைத் திருத்திக்கொண்டது. சீட்டுப் போடுகிறவர்கள் நேரில் வந்து, என்ன மரம், எப்படிப் போடுவோம் என்று சொன்னால்தான் இனி அந்தச் சீட்டு செல்லும்.

பாலம் அசையாமல் நின்றது. எல்லா விலங்குகளும் போய் வந்தன. புள்ளிமானும் போய் வந்தது, புல் அக்கரையில்தானே இருக்கிறது! நாளடைவில் யானையிடம் எல்லோரும் பழையபடி பேசத் தொடங்கினார்கள். ஆனால் தினமும் காலையில் மான் கூட்டம் பாலத்தைக் கடக்கும்போது, அத்தனை காலடிச் சத்தத்துக்கும் நடுவே மூன்று காலில் நடக்கிற ஒரு சத்தம் தனியாகக் கேட்கும். அது அக்கரை போய்ச் சேரும்வரை யானை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

நீதி: மோசடிக்குத் துணைபோக நாமே மோசடி செய்ய வேண்டியதில்லை, மறுக்க வேண்டிய இடத்தில் தலையாட்டினாலே போதும்.