ஓணான் பாதியில் எழுந்த கதை

அந்தக் காலத்தில், செம்மணல் தேரிக்காட்டு உயிர்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஊர்வனவற்றின் உடம்பில் வெறும் சதைதான் இருந்தது; நாரும் நரம்பும் இல்லை. விரலளவு விரலளவாகத்தான் நகர முடியும். நாரையும் நரம்பையும் உடம்பில் கட்டிவிடும் வேலை உடைமரத்துச் சிலந்தியுடையது. சாரைப்பாம்பு முதல் ஆளாக வந்து கட்டிக்கொண்டு போய்விட்டது.

நாரில் இரண்டு வகை. வெள்ளை நாரில் நரம்பை ஒரே முடிச்சில் கட்டிவிடலாம். சட்டென்று சுண்டும், சீக்கிரம் களைக்கும். சிவப்பு நாருக்கு விரற்கடைக்கு ஒரு முடிச்சு போட வேண்டும். மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் பிடித்த பிடியை விடாது. பச்சோந்தி சிவப்பே போதுமென்று காலை முழுக்க உட்கார்ந்து கட்டிக்கொண்டது. அதற்கென்ன, அவசரமா அவசியமா.

அடுத்து ஓணான். முட்டைகளை மணலில் புதைத்துவிட்டு வந்திருந்ததால் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"வெள்ளை முடிஞ்சுது. சிவப்புல கழுத்தும் முன்னங்காலும் முடிஞ்சுது. பின்னங்கால்தான் பாக்கி. அசையாம இரு ஏட்டி. பாதியில எந்திரிச்சா மிச்ச நாரு காஞ்சிரும். பெறகு நானே நெனச்சாலும் கட்ட முடியாது."

ஓணான் திரும்பிப் பார்த்தது. தூரத்தில் சாரை மணலை முகர்ந்துகொண்டே முட்டைக் குழியை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓணான் எழுந்துவிட்டது.

ஒரே ஓட்டம். வெள்ளை நார் சுண்டிய வேகத்தில் குழிக்கு முன்னால் போய் நின்றது. அப்படி ஓடும் எதையும் பார்த்திராத சாரை மிரண்டு பின்வாங்கியது. விரட்டலாம் என்று பார்த்தால் ஓணானுக்குப் பின்னங்கால் வரவில்லை, ஓய்ந்துபோய்க் கிடந்தது. ஆனாலும் முன்னங்காலை ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, தலையைத் தாழ்த்தாமல் நின்றது. சாரை வெகுநேரம் பார்த்தது. இது சண்டைக்குத்தான் நிற்கிறது என்று நினைத்து, வந்த வழியே போய்விட்டது.

ஓணான் நின்று நின்று உடைமரத்துக்குத் திரும்பியபோது சிலந்தியின் காலடியில் சிவப்பு நார் சருகாகிக் கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேம்லா."

"முட்டை பத்திரமா இருக்குக்கா. அது போதும்."

அன்று முதல்தான் ஓணான் சிட்டாய்ப் பறந்து ஓடி, பத்தடியில் நின்றுவிடுகிறது. நின்றதும் முன்னங்காலை ஊன்றித் தலையை நிமிர்த்திக்கொள்கிறது; பின்னங்கால் ஓய்ந்துபோனதை யாருக்கும் காட்டுவதில்லை.