ரத்தம் கசிந்த பாறை

அந்தக் கோடையில் காடெங்கும் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரே ஒரு சுனை மட்டும் மிச்சம். அதன் பக்கத்து மரப்பொந்தில் ஒரு மரநாய் வசித்தது. சுனை முழுவதும் தனக்கே வேண்டும் என்று அதற்கு ஆசை!

ஒருநாள் சில குழந்தைகள் அங்கே விளையாட வந்தார்கள். அடுக்களையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்தூளை ஓர் இலையில் குழைத்து, அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டினார்கள். மஞ்சள் சட்டென்று ரத்தம்போல் சிவந்தது! புதருக்குள் ஒளிந்திருந்த மரநாய்க்கு ரோமம் சிலிர்த்தது. அவர்கள் விட்டுப்போன மஞ்சள்தூளையும், தேங்காய்ச் சிரட்டையில் மிஞ்சிய சுண்ணாம்புத் தண்ணீரையும் அது எடுத்து வைத்துக்கொண்டது.

மறுநாள் மாலை. காற்றே இல்லை. தவளைகூடக் கத்தவில்லை. விலங்குகள் தண்ணீர் குடிக்கக் குனிந்தன. கரைப்பாறையின் உச்சியிலிருந்து ஏதோ சொட்டியது. மஞ்சள் படிந்திருந்த பாறை கோடு கோடாகச் சிவந்தது.

"ரத்தம்! பாறையில் ரத்தம்!" என்று அலறியது காட்டுப்பன்றி.

பாறைக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் ஒன்று எழுந்தது. "என் தண்ணீரைத் தொட்டவரின் ரத்தத்தை நான் குடிப்பேன்..."

எல்லாம் தலைதெறிக்க ஓடின.

இரண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சருகுமானின் குட்டி தாகத்தில் சுருண்டு கிடந்தது. "அம்மா... தண்ணீர்..." என்றது. பிறகு அதற்குப் பேச்சே வரவில்லை.

தாய் தனியே சுனைக்குப் போனது. பாறையருகே ஒரு காட்டு எலுமிச்சைக் கிளையில் முட்டிக்கொண்டது. கனிந்த பழமொன்று பாறைமேல் விழுந்து உடைந்தது. சாறு பட்ட இடமெல்லாம் சிவப்பு போய் மஞ்சள் தெரிந்தது!

"ரத்தம் மஞ்சளாகுமா?" என்று மோந்து பார்த்தது. ரத்த வாடையே இல்லை. இன்னொரு பழத்தை உருட்டி மிதித்தது. மறுபடியும் மஞ்சள்! பாறையடியிலிருந்து மஞ்சள் கால்தடங்கள் மரப்பொந்துவரை போயிருந்தன.

முதலில் குட்டியை மெல்ல நடத்திவந்து குடிக்க வைத்தது. பிறகு எல்லோரையும் அழைத்துக்கொண்டு பொந்துக்குப் போனது.

"என் காலில் இருக்கும் மஞ்சள் வெறும் பூந்தாது!" என்றது மரநாய்.

பொந்தருகே சிரட்டையில் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் மீதி இருந்தது. பாறையில் சொட்டியது இதுதானோ என்று சருகுமான் அதை மரநாயின் பாதத்தில் கவிழ்த்தது. பாதம் சிவந்தது!

"உனக்கும் ரத்தமா?" என்று உறுமியது காட்டுப்பன்றி.

"ஐயோ, நான்தான் செய்தேன்! என்னைக் கொன்றுவிடாதீர்கள்!"

"என் குட்டி செத்திருக்கும்," என்றது தாய். மரநாயால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றுமுதல் எல்லோரும் குடித்த பிறகே அது குடிக்க வேண்டும் என்று முடிவானது.

அச்சுறுத்தும் ஒன்றைக் கண்டதும் ஓடிவிடாமல், நின்று சோதித்துப் பார்ப்பவரிடம் வஞ்சகம் நெடுநாள் நிலைக்காது.