இருவாச்சி அலகில் ஏறிய மெழுகு

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும். மனிதர்களும் "என்ன?" என்று நின்று கேட்பார்கள். மலைக்காட்டில் இருவாச்சி என்று ஒரு பெரிய பறவை உண்டல்லவா, அதன் நீண்ட அலகு அப்போது வழுவழுவென்று இருந்தது. இன்றைக்கு அதன்மேல் மஞ்சளாக ஒரு கொண்டை கவிழ்ந்திருக்கிறதே, அது கிடையாது. அது வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் ஒரு வில்லைப் பற்றியும் அந்த வில்லுக்காரனின் மனைவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

வில்லுக்காரன் பெயர் செம்பன். மனைவி வெள்ளச்சி. அப்போதெல்லாம் வில் என்றால் வளைத்த மூங்கிலும் நாணும்தான். அம்பு எதன்மேல் உட்காரும்? வில்லைப் பிடித்த கை முட்டியின் மேல்தான். கை எங்கே நீள்கிறதோ அங்கே அம்பு போகும். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்பு கிளம்பும்போது அதன் வாலில் கட்டிய இறகு கையைக் கீறிக்கொண்டு போகும். நாலு அம்பு விட்டால் நாலு கீறல். செம்பனின் இடது கை எந்நாளும் புண்ணாகவே இருந்தது.

அவன் வீடு திரும்பியதும் வெள்ளச்சி பச்சிலையை மென்று காயத்தில் வைத்துக் கட்டுவாள். கட்டும்போது அவனைவிட அவள்தான் அதிகம் முகம் சுளிப்பாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கிச் சேர்த்து, வில்லின் கைப்பிடிக்கு மேலே சின்னதாக ஒரு திட்டு வைத்தாள்.

"இனிமே அம்பு இதுமேல உக்காரட்டும். உன் கை மேல வேண்டாம்."

கீறல் குறைந்தது. குறைந்தால் மட்டும் போதுமா? மறுநாள் திட்டை ஒரு விரல் ஏற்றினாள். அதற்கு மறுநாள் இன்னும் ஒரு விரல். பிரியமானவர்களுக்குச் சோறு போடுகிற கைக்கு அளவு தெரியாது, வெள்ளச்சிக்கும் தெரியவில்லை. திட்டு மூன்று விரல் உயரத்துக்கு வந்து நின்றது. செம்பன் கையில் ஒரு கீறல் இல்லை.

அம்புதான் எதன்மேலும் படவில்லை.

திட்டு உயர்ந்தால் அம்பின் தலையும் உயரும். வால் நாணில் பழைய இடத்திலேயே இருக்கும். ஆகவே கை மானைக் காட்டினால், அம்பு மானுக்கு மேலே உள்ள கிளையைக் காட்டியது. கையைத் தாழ்த்தி விடலாமே என்றால், கிட்டத்தில் குறிக்கு ஒரு சாண் கீழே காட்ட வேண்டும், தூரத்தில் ஓர் ஆள் உயரம் கீழே காட்ட வேண்டும். எந்தத் தூரத்துக்கு எவ்வளவு என்பது செம்பனுக்குப் பிடிபடவே இல்லை.

இதை அவளிடம் சொன்னானா என்றால், சொல்லவில்லை. அவள் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாத்தியா, ஒரு கீறல் இல்ல" என்று பூரித்துப்போகும்போது எந்த வாயால் சொல்வான்? "காட்டுல ஒண்ணும் கண்ணுல படல புள்ள. கிழங்கே போதும், எனக்குக் கிழங்குன்னா ரொம்பப் பிடிக்கும்" என்பான். அவள் கிழங்கு வேகவைப்பாள். இருபது நாள் இப்படியே கிழங்கு தின்றார்கள்.

இருபத்தோராம் நாள் காலையில் ஓர் ஆண் இருவாச்சி மூச்சிரைக்க வந்து அவர்கள் குடிசைமேல் இறங்கியது.

இருவாச்சிக் குடும்பத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையிடும் காலம் வந்தால் பெண் ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விட்டுவைக்கும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துபோகும், நினைத்தாலும் பறக்க முடியாது. ஆண் பழம் பழமாகக் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்டும்.

"செம்பா, வில்ல எடுத்துக்கிட்டு ஓடி வா. மலைப்பாம்பு மரத்துல ஏறுது. பொந்துல அவ இருக்கா. குஞ்சு பொரிச்சு மூணு நாள்தான் ஆச்சு."

செம்பன் ஓடினான். வெள்ளச்சியும் பின்னாலேயே ஓடினாள். மரத்தடியை அடைந்தபோது பாம்பின் தலை பொந்துக்கு இரண்டு முழம் கீழே இருந்தது. அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. மரப்பட்டையில் அரவம் கேட்டதும், பழம் வந்துவிட்டது என்று நினைத்துப் பெண் இருவாச்சி பிளவு வழியே அலகை நீட்டித் திறந்து வைத்திருந்தது.

செம்பன் அம்பைப் பூட்டி இழுத்தான். கை பாம்பைக் காட்டியது. அம்பு அந்தத் திறந்த அலகைக் காட்டியது. அவன் வில்லைத் தாழ்த்திவிட்டான்.

"என்னால முடியாது."

"ஏன் முடியாது?" என்றாள் வெள்ளச்சி.

ஆண் இருவாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "நான் சொல்றேன் அக்கா. இருபது நாளா இவன் விட்ட அம்பெல்லாம் நான் உக்காந்திருந்த கிளைக்குத்தான் வந்துச்சு. நீ வச்ச திட்டு அம்பைத் தூக்கி விடுது. உன் மனசு நோகும்னு உங்கிட்ட மறைச்சுட்டான்."

வெள்ளச்சி கணவனைப் பார்த்தாள்.

"கிழங்கு பிடிக்கும்னு சொன்னியே."

"பிடிக்காது" என்றான் செம்பன்.

அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. "அப்போ இதைப் பிச்சு எறி" என்றாள்.

"மொத்தமா எடுத்துட்டா இறகு கிழிக்குமேன்னு கை பயப்படும். விடுற நேரத்துல கை நகந்துச்சுன்னா..." அதற்குமேல் அவன் சொல்லவில்லை. ஆண் இருவாச்சி பக்கத்திலேயே இருந்தது.

வெள்ளச்சி வில்லை வாங்கிக்கொண்டாள். ஓர் அம்பை எடுத்து, அதன் இறகு எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு புளியங்கொட்டைத் தடிமன் இருந்தது. திட்டில் அந்த உயரத்தில் நகத்தால் ஒரு கோடு இழுத்து, வில்லை இருவாச்சியிடம் நீட்டினாள்.

"இங்க கடி."

இருவாச்சி அலகை விரித்துக் கடித்து இழுத்தது. வெயிலில் இளகியிருந்த மெழுகுக் கட்டி அறுந்து எம்பி, அதன் அலகின் மேலேயே கவிழ்ந்து ஒட்டிக்கொண்டது. இருவாச்சி அதைக் கவனிக்கவே இல்லை. அதன் கண் மரத்தில் இருந்தது.

"கொஞ்சம் கீறும்" என்றாள் வெள்ளச்சி.

"கீறட்டும்" என்றான் செம்பன்.

பாம்பின் தலை பொந்துக்கு ஒரு சாண் கீழே வந்திருந்தது. செம்பன் கையை நீட்டினான். இந்தத் தடவை கையும் அம்பும் ஒரே இடத்தைக் காட்டின. நாண் அதிர்ந்தது. பாம்பு மரத்தைச் சுற்றிய பிடி தளர்ந்து, பொத்தென்று கீழே விழுந்தது.

பொந்துக்குள்ளிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "பழம் எங்க? ஏன் இவ்வளவு நேரம்?"

"இதோ கொண்டுவரேன்" என்றது ஆண்.

இரண்டு மாதம் கழித்துப் பெண் வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. எதிரே நின்ற பறவையின் மூக்கில் ஒரு மேட்டைக் கண்டு திகைத்தது. "குரல் உன்னோடதா இருக்கு. மூக்கு வேற யாரோடதோ மாதிரி இருக்கே" என்றது. ஆண் நடந்ததையெல்லாம் சொன்னது.

"கிளையில தேச்சிருந்தா அன்னைக்கே போயிருக்குமே."

"தேய்க்க மனசு வரல" என்றது ஆண். "நீ உள்ள எதுவும் தெரியாம பழம் கேட்ட. நான் பயந்த பயத்தை யார்கிட்டயும் சொல்ல முடியல. இதாவது கூட இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பெண் தன் அலகை அந்த மெழுகின்மேல் வைத்து நெடுநேரம் உரசிக்கொண்டிருந்தது. அதில் கொஞ்சம் இளகி அதன் அலகிலும் ஏறிக்கொண்டது.

அன்று முதல்தான் இருவாச்சிக்கு அலகின்மேல் மஞ்சள் கொண்டை, பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் சிறியதாக. அன்று முதல்தான் அந்த மலையில் வில்லின் திட்டை ஒரு புளியங்கொட்டைக்குமேல் உயர்த்துவதில்லை. அந்த உயரத்தில் கை லேசாகக் கீறத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் மனைவி "வலிக்குதா?" என்று கேட்பாள், வில்லுக்காரனும் "வலிக்குது" என்று உள்ளதைச் சொல்லிவிடுவான்.