மிளகாய் நிரபராதி

சிறுமலை அடிவாரத்து மடத்தில் சமையல் அம்பலவாணன் பொறுப்பு. வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸின் கடைசியிலிருந்து டிரைவரை அதட்டிய அந்தக் குரலுக்காகவே, ஆண்டு விழாவில் அவர்தான் பேச வேண்டும் என்று மடத்தின் குரு உமையாள் அம்மை சொல்லியிருந்தார்.

குருவுக்குச் சீடரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் அம்பலவாணனுக்கு அவர் அம்மாதான்.

விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அம்பலவாணன் வந்து நின்றார்.

"நான் பேசலம்மா. வேற ஆளைப் பாருங்க."

"ஏன்?"

"என் மூஞ்சியப் பாருங்க."

கன்னமும் மூக்கும் கன்றிச் சிவந்திருந்தன. நடுவில் சின்னச் சின்னப் பருக்கள். மாநிறத்திலும் எடுப்பாகத் தெரிந்தது. இரண்டு வருஷத் தொல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் அடங்கும். நிறுத்தினால் இரண்டு மடங்காக எரியும்.

"நேத்து சாப்பிட வந்த ஒருத்தர் பக்கத்துல வந்து மோந்து பாத்துட்டுப் போறாரும்மா. நான் குடிச்சிருக்கேனாம்! என்ன பாவம் பண்ணேன் நான்?"

மறுநாள் காலை உமையாள் அம்மை அவரைப் பஸ் ஏற்றி, திண்டுக்கல்லில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

"இதுக்குப் பேர் ரோசேசியா, முகம் சிவக்கற தோல் நோய். ஒட்டிக்காது. குடிக்காதவங்களுக்கும் வரும். நம்ம நிறத்துல சிவப்பு சட்டுனு தெரியாது, அதனால பலருக்கு இருக்கறதே தெரியறதில்ல" என்றார் மருத்துவர். களிம்பு டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. இனி வேண்டாம். விட்டதும் கொஞ்ச நாள் அதிகமா எரியும், பயப்படாதீங்க."

ஒரு ஜெல்லும் சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்தார்.

"அடியோட போயிடுமா டாக்டர்?"

"போகாது. அடக்கி வைக்கலாம். எது கிளப்பி விடுதுன்னு கண்டுபிடிங்க. அது ஆளுக்கு ஆள் மாறும்."

திரும்பும் வழியில் அம்பலவாணன் கேட்டார்: "எதெல்லாம் விடணும்? நீங்களே சொல்லிடுங்கம்மா."

"எனக்குத் தெரியாது. உங்க முகத்துக்குத் தெரியும். அதைக் கேளுங்க" என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார்.

சொன்னது போலவே முதல் இரண்டு வாரம் முகம் தணலாய் எரிந்தது. ஜெல்லை விடாமல் போட்டார். கொஞ்சம் தணிந்ததும் அவருக்கு வேகம் வந்துவிட்டது. காரம், புளிப்பு, காபி, வெயில், அடுப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினார். ஒரு வாரம் தயிர்ச்சோறு. முகம் இன்னும் தணிந்தது. ஆள் வாடிப்போனார்.

"எதுன்னு தெரிஞ்சுதா?" என்றார் குரு.

"தெரியலம்மா."

"பஸ்ல இருந்த எல்லாரையும் இறக்கி விட்டுட்டா, டிக்கெட் எடுக்காதவர் யார்னு எப்படித் தெரியும்?"

அம்பலவாணன் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினார். இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று. நோட்டில் எழுதினார்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், கையில் கரண்டியோடு முற்றத்தைக் கடந்து ஓடி வந்தார்.

"அம்மா! கண்டுபிடிச்சுட்டேன்! மிளகாய் நிரபராதி! ரெண்டு வருஷமா அதைத் திட்டிட்டிருந்தேன். மூணு தடவை சாப்பிட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் பண்ணல. சோறு வடிக்கும்போது மூஞ்சில அடிக்கற ஆவி, மத்தியான வெயில், கொதிக்கக் கொதிக்கக் காபி. மூணே பேர்!"

வடிக்கும் வேலை வேறொருவருக்குப் போனது. காபி ஆறியது. வெளியே போனால் தொப்பியும் சன்ஸ்கிரீனும். பருக்கள் அடங்கின. சிவப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் எரிச்சல் குறைந்தது.

விழா நாள். காலை எட்டு மணிக்கே ஆயிரம் பேர். மேடைக்கு மேல் கனமான தென்னங்கீற்றுப் பந்தல் போட வைத்திருந்தார் குரு. அம்பலவாணன் மேடை ஏறினார். முதல் வாக்கியம் தடுமாறியது. பிறகு பழைய கண்டக்டர் குரல் வந்தது. மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினார். மோந்து பார்த்தவர் கதையைச் சொன்னபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

இறங்கியதும் நேராகக் குருவிடம் வந்தார். கன்னம் இரண்டும் தகதகவென்று எரிந்தன. மூச்சு வாங்கியது. நோட்டைப் பிரித்தார்.

"வெயில் படலம்மா. அடுப்புப் பக்கம் போகல. காபியும் குடிக்கல. ஆனா எரியுது!"

"பயமா?"

"ஏறும்போது பயம். இப்ப இல்ல. இது..." அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இது சந்தோஷம்மா! நாலாவதா எழுதிக்கறேன்."

சட்டென்று அவர் முகம் வாடியது. "அப்ப இதையும் விட்டுடணுமா?"

உமையாள் அம்மை நிமிர்ந்து கீற்றுக் கூரையைப் பார்த்தார்.

"வெயிலுக்குப் பந்தல் போட்டோம். சந்தோஷத்துக்கு எதுக்குப் பந்தல்?"