வேலியோரம் நாலு செடி

"தாயி, இந்த விதை நல்லதா, கெட்டதா? ஒத்த வார்த்தையில சொல்லிருங்க."

ஆவுடையப்பன் கையில் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே மரபணு மாற்றிய கத்தரி விதை. புழு அண்டாதாம். விதைப் பண்ணைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டு, மதியம் வந்து பதில் கேட்கிறேன் என்று போயிருந்தார்.

மடத்துத் தோட்டம் ஆவுடையப்பன் பொறுப்பு. மடத்தில் கை நனைக்கிற அத்தனை பேருக்கும் அவர் பறித்துக் கொடுக்கிற காய்தான்.

வேண்டாம் என்று சொன்னால் புழுவோடு மல்லுக்கட்ட வேண்டும். சரி என்று சொன்னால் ஊரார் வயிற்றில் எதையாவது ஏற்றிவிடுவோமோ என்று பயம். காலையிலிருந்து மனிதருக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பூங்காவனத் தாயார் மடத்தின் தலைவி. ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. தாளிக்கிற வாசனை வந்தால் தியானத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வருவார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

"இன்னைக்கு என்ன சமையல், அண்ணாச்சி?"

"எண்ணெய்க் கத்தரிக்கான்னு சொன்னாங்க. தாயி, நான் கேட்டது..."

"சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

பந்தியில் முதல் இலை ஆவுடையப்பனுக்கு. தாயாரே கரண்டியோடு வந்தார். தாயார் பரிமாறினால் மறுக்கக் கூடாது என்பது அந்த மடத்துப் பழக்கம்.

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார்.

"எனக்குக் கத்தரிக்கா ஆகாது தாயி. அரிக்கும்."

"முந்தாநாள் உங்க குடிசைப் பக்கம் வந்தேன். சுட்ட கத்தரிக்கா வாசனை ஆளையே தூக்குச்சே?"

ஆவுடையப்பன் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அது வேற செடி."

"எது?"

"வேலியோரம் நாலு செடி. எனக்குன்னு வச்சது. அதுக்கு மட்டும் மருந்து அடிக்கது இல்ல."

"எங்களுக்கு?"

ஆவுடையப்பன் தலை கவிழ்ந்தது.

"புழு விழுந்த காயை இத்தனை பேருக்கு எப்படிப் போட? பளபளன்னு இருக்கணும்னுதான் அடிச்சேன். அடிச்ச கைக்கு அதை எடுத்துத் திங்க முடியல, தாயி."

அழுதேவிடுவார் போலிருந்தது.

தாயார் அவர் கையை விலக்கிவிட்டு, இலையில் கறியை வைத்தார்.

"சாப்பிடுங்க. காலையில நாந்தான் பறிச்சேன். வேலியோரம்."

"அந்த நாலு செடியிலயா? இத்தனை பேருக்கும் எப்படிக் காணும்?"

"உங்க இலைக்கு மட்டும்தான். புழு தின்னது போக மிச்சம் அவ்வளவுதான் இருந்துச்சு."

ஆவுடையப்பன் பந்தியை எட்டிப் பார்த்தார். மற்ற எல்லா இலையிலும் பூசணிக்காய்க் கூட்டு.

தாயாருக்குச் சிரிப்பு பீறிட்டது. பந்தி முழுக்கச் சிரித்தது. கடைசியில் ஆவுடையப்பனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வெட்கமாகவும் இருந்தது, கறி அருமையாகவும் இருந்தது.

பாதி இலை காலியானதும் மறுபடி தொடங்கினார்.

"விதைக்குப் பதில் சொல்லலியே தாயி. நல்லதா, கெட்டதா?"

"எனக்கென்ன தெரியும், அண்ணாச்சி? உங்க நாலு செடிக்குப் பக்கத்துல அஞ்சாவதா அதை நடுவியளா?"

ஆவுடையப்பன் வாயில் போட்டதை அவசரமாக விழுங்கினார்.

"மருந்தே அடிக்க வேண்டாம்னா நடலாம்தான்... ஆனா விசாரிக்காம எப்படி? யாரு தின்னு பார்த்தாங்க, எத்தனை வருசமா? மகரந்தம் பறந்து வந்து என் நாலு செடியில ஒட்டிச்சுன்னா? அடுத்த வெள்ளாமைக்கு நாமளே விதை எடுத்து வைக்கலாமா, இல்ல மறுபடி அவங்க வாசல்ல போய் நிக்கணுமா?"

"காலையில விதையை வாங்கும்போது இதுல எதைக் கேட்டிய?"

"ஒண்ணையும் கேக்கல."

தாயார் அவருக்கு இன்னொரு கரண்டி கறி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து விதைப் பண்ணைக்காரர் வந்து சேர்ந்தார். தோளில் பை, முகம் நிறையச் சிரிப்பு.

"என்ன அண்ணாச்சி, விதைச்சிரலாமா?"

ஆவுடையப்பன் நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் ஓர் இலை போடச் சொன்னார்.

"முதல்ல உக்காருங்க. கேக்கிறதுக்கு நிறைய இருக்கு. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு."

"கேளுங்க, கேளுங்க."

"உங்க வீட்டுக்குன்னு தனியா நாலு செடி வச்சிருக்கியளா?"

தாயார் சிரித்த சிரிப்பில், வந்தவர் இலைக்குப் போக வேண்டிய கூட்டு தரையில் விழுந்தது.