பிளந்து அடுக்கிய விறகு

ஆற்றங்கரை மடத்தின் தலைவி தவமணி அம்மை. சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட நாகலிங்கம் அவரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவரிடம் தீட்சை பெற்ற சீடர்.

இன்னொரு சீடர் வீரபாகு, முன்பு படகு ஓட்டியவர். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் விட்ட பிறகும் அவர் உடம்பு தேறவில்லை. ஒரு நாள் முற்றம் பெருக்கினால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

குருபூசை நெருங்கியது. அம்மை வெளியூர் போயிருந்தார். விறகு பிளக்கும் ஆள் வரவில்லை.

"நேற்று பெருக்க முடிந்தது. இன்று மட்டும் என்ன?" என்றார் நாகலிங்கம் வீரபாகுவைப் பார்த்து, பந்தி நடுவே, எல்லோர் காதிலும் விழும்படி. "சாப்பிட மட்டும் உடம்பு எழுந்து வருகிறதே."

வீரபாகு இலையை மூடிவிட்டு எழுந்தார். கோடரியை எடுத்தார். பூசைக்கு வந்திருந்த ஒரு வண்டி விறகு முழுவதையும் பிளந்து அடுக்கிவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

மறுநாள் அம்மை திரும்பினார்.

"விறகு யார் பிளந்தது?"

"வீரபாகுதான்," என்றார் நாகலிங்கம். "பலமெல்லாம் இருக்கிறது அம்மா. மனம்தான் இல்லை."

அம்மையின் முகம் மாறியது. "அவர் எங்கே?"

"காலையிலிருந்து கதவு திறக்கவில்லை."

அம்மை விரைந்து போய்க் கதவைத் தள்ளினார். வீரபாகு கண்மேல் துணியைப் போட்டுக் கிடந்தார். கதவு கிரீச்சிட்டதற்கே உடம்பு நடுங்கியது. நீட்டிய குவளையைப் பிடிக்கக் கை மேலே வரவில்லை.

"சமையல்கட்டை வேறொருவர் பார்க்கட்டும்," என்றார் அம்மை, தாழ்ந்த குரலில். "நீங்கள் இவர் பக்கத்தில் இருங்கள்."

நாகலிங்கம் இருந்தார். கரண்டியால் கஞ்சி புகட்டினார். வீரபாகு நாளெல்லாம் தூங்கினார். விழிக்கும்போது, தூங்கவே தூங்காதவர்போல விழித்தார்.

"என்மேல் கோபமா?" என்று ஒருநாள் கேட்டார் நாகலிங்கம்.

"கோபப்படவும் தெம்பு வேண்டுமே."

நாகலிங்கம் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மையிடம் போனார்.

"இவருக்கு எப்போது குணமாகும்?"

"தெரியாது."

வாரங்கள் கழிந்தன. ஒரு காலையில் நாகலிங்கம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா, இன்று சாய்ந்து உட்கார்ந்தார். வேலை ஏதாவது கொடு என்கிறார். கீரை ஆயக் கொடுக்கலாமா?"

"கொடுங்கள். பாதியிலேயே வாங்கிவிடுங்கள்."

"இன்னும் முடியும் என்று சொன்னால்?"

"அப்படிச் சொல்லும்போதே வாங்கிவிடுங்கள்."