தலைப்பிள்ளைகள் கட்டிய மூட்டை

நெல்லூறு நாட்டு அரசர் செம்பியவேளுக்கு ஒரு நல்ல குணம். யார் கடைசியாகப் பேசினாலும் நம்பிவிடுவார். கெட்ட குணமும் அதுதான். அன்று கடைசியாகப் பேசியவர் அமைச்சர் வில்லவதரையர்.

"அரசே, பஞ்சம் பிழைக்க வந்த கிணறு வெட்டிகள் நம் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்க்கிறார்கள். இந்த மண்ணில் பிறக்காதவர் எவரும் நாளைப் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டும் என்று ஆணை போடுங்கள்."

அந்தத் தண்ணீரைத் தோண்டிக் கொடுத்ததே அவர்கள்தான். அரசருக்கு அது எங்கே தோன்றியது? போட்டுவிட்டார்.

ஊர்விட்டு வந்தவர்களுக்காக வாதாடும் சட்ட அறிஞர் பூங்கோதை சபைக்கு விரைந்தார். கிணறு வெட்டும் மாடனின் மனைவி பேச்சிக்கு நிறைமாதம். காய்ந்து கிடக்கும் சொந்த ஊருக்கு நடந்தால் பிழைக்க மாட்டாள். பூங்கோதை கெஞ்சப் போகிறார் என்று அமைச்சர் ஆசையாகக் காத்திருந்தார்.

"நல்ல ஆணை, அரசே. 'யாருக்கும் விலக்கு கிடையாது' என்று மட்டும் சேர்த்து, நிறைவேற்றும் வேலையை என்னிடம் விடுங்கள்" என்றார் பூங்கோதை.

"என் சட்டத்தில் விலக்கா? சேர்த்துக்கொள்ளும்" என்று அரசர் மீசையை முறுக்கினார்.

மறுநாள் மாலை வேடிக்கை பார்க்கக் கோட்டை வாசலுக்கு வந்த அரசர் திகைத்துப்போனார். கிணறு வெட்டிகளுக்கு முன்னால் தளபதி மூட்டையோடு நின்றார். அவருக்குப் பின்னால் புரோகிதர். அரண்மனைச் சமையல்காரர் கரண்டியும் கையுமாக.

"தளபதி, நீர் எங்கே கிளம்பிவிட்டீர்?"

"நான் வீட்டுக்கு மூத்தவன், அரசே. நாம் பெண் எடுப்பதே எல்லைக்கு அப்பால்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? நான் பிறந்தது அங்கே."

ஊரிலுள்ள தலைப்பிள்ளைகளெல்லாம் அங்கேதான் நின்றார்கள். ஓரமாக அரசரின் தேர், மெத்தை விரித்துக் காலியாக நின்றது.

"இது யாருக்கு?"

"தங்களுக்குத்தான்" என்றார் பூங்கோதை பணிவாக. "தாங்களும் மூத்த பிள்ளை. அம்மா தங்களைப் பெற்றது தாய்வழித் தாத்தாவின் அரண்மனையில். விலக்குதான் கிடையாதே."

அரசருக்கு மீசை தொங்கிவிட்டது. அமைச்சர் மட்டும் முகம் மலர முன்னால் வந்தார்.

"கவலைப்படாமல் போய்வாருங்கள், அரசே. நான் இரண்டாம் பிள்ளை. நாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அரசர் அவரையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே ஆணையைக் கிழித்துப் போட்டார்.

"வந்தவர்கள் எல்லோரும் இங்கேயே இருக்கட்டும். பூங்கோதை, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"பேச்சிக்கும் இது தலைப்பிரசவம், அரசே. போக ஒரு தாய்வீடுதான் இல்லை."

"ஏன் இல்லை? என் அரண்மனைதான் அவள் தாய்வீடு" என்ற அரசர், நழுவப் பார்த்த அமைச்சரைப் பிடித்து நிறுத்தினார்.

"வளைகாப்பு நடத்திப் பெண்ணை அழைத்துவர வேண்டாமா? வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு நீர் முன்னால் நடவும். மூத்தவன் நான் இருக்கும்போது, இரண்டாம் பிள்ளைக்கு வேறென்ன வேலை?"